கலயத்துல சுண்ணாம்பு இருக்கா, மருமவனே?

ஏல மருமவனே, வா வா. அந்தக் கட்டில்ல உக்காராத, அதுக்கு ஒரு கால் ஆடும். எனக்கு ரெண்டும் ஆடும், அது வேற சங்கதி. நீ இந்த ஓலைப்பாயில உக்காரு.

நேத்து உன்னைக் கோயில்ல பாத்தேன்ல. பாட்டுப் புஸ்தகத்தை விரிச்சு, நடுவுல ஃபோனை வச்சு, குனிஞ்ச தலை நிமிராம இருந்தே. உபதேசியாருக்கே கண்ணு கலங்கிட்டு. 'மெட்ராசுக்குப் போயும் பயலுக்குப் பக்தி குறையல பாத்தீரா'ன்னு எங்கிட்ட சொன்னாரு. நான் வாயைத் தொறக்கல. ஒரு மனுசனுக்கு இன்னொருத்தன் மேல நல்லெண்ணம் வர்றதே அபூர்வம், அதை நான் ஏன் கெடுப்பானேன்?

உங்க அம்மை எல்லாம் சொன்னா. உனக்குப் பெரிய போராட்டமாம். ராத்திரியானா ஒரே சோதனையாம். ஜெபம் பண்ணிப் பாத்தும் விட்டுத் தொலைய மாட்டேங்காம். 'மாமாகிட்ட போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வா'ன்னு அனுப்பியிருக்கா. என் கூடப்பொறந்தவளுக்கு என் மேல இம்புட்டு மதிப்பு இருக்குன்னு 68 வயசுல இன்னைக்குத்தான் தெரியுது.

'சாத்தான் சோதிக்கான் மாமா'ங்கே. பாவம்ல அவன். ஃபோனை வாங்குனது நீ. மாசா மாசம் ரீசார்ஜ் பண்ணுதது நீ. ராத்திரி 2 மணிக்கு லைட்டை அணைச்சு, கதவைத் தாப்பாப் போட்டு, போர்வைக்குள்ள போறது நீ. இதுல அவனுக்கு என்ன சோலி? வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பாத்திருப்பான். 'இங்க நமக்கு வேலையில்ல, பயலே பாத்துக்கிடுவான்'னு அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். யாக்கோபு நிருபத்தை எடுத்து முதல் அதிகாரத்தைப் பாரு. சோதனை எங்கருந்து வருதுன்னு சொல்லுத அந்த இடத்துல பிசாசு பேரே கிடையாது. அவனவன் ஆசை அவனவனை மூக்கணாங்கயிறு போட்டு இழுத்துக்கிட்டுப் போகுதுங்கிறதுதான் அங்க சங்கதி. நம்ம ஆளுக அந்தப் பக்கத்தை மட்டும் ரெண்டு பக்கமாச் சேத்துப் புரட்டிருவானுக.

சரி, இங்க வா. விடிலிக்குப் பின்னால கவுத்தி வச்சிருக்கேன் பாரு, கலயம். ஒண்ணை எடுத்து உள்ள கையை விடு. என்ன ஒட்டுது? சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பு. இஞ்சினீருக்குப் படிச்சவன்தானே நீ, இது எதுக்குன்னு சொல்லு பாப்போம். முழிக்காத. உங்க தாத்தா இந்தக் கலயத்தைக் கட்டித்தான் உங்க அம்மையைப் படிக்க வச்சாரு.

பனை இருக்குல்லா பனை, அதுக்குப் பதனி தெரியாது, கள்ளு தெரியாது. பாளையைச் சீவுனா சொட்டும், அம்புட்டுத்தான். சுண்ணாம்பு தடவுன கலயத்துல சொட்டுனா பதனி. பச்சப்புள்ளைக்கும் குடுக்கலாம், காய்ச்சுனா கருப்பட்டி. தடவாத கலயத்துல சொட்டுனா அது பாட்டுக்கு நுரைச்சு, பொங்கி, வெயில் ஏறதுக்குள்ள கள்ளு. அதே மரம், அதே பாளை, அதே சொட்டு. 1987-லருந்து நம்ம மாநிலத்துல கள்ளுக்குத் தடை. கீழ போலீசு நிக்குன்னு மரத்துக்கு எவனும் போய்ச் சொன்னானா? அது சொட்டிக்கிட்டேதான் இருக்கு.

சோதனையும் அந்தச் சொட்டுதான் மருமவனே. சொட்டத்தான் செய்யும். '28 வயசாகுது மாமா, எனக்குக் கெட்ட நினைப்பே வரல'ன்னு நீ வந்து சொல்லியிருந்தேன்னு வச்சுக்கோ, உன்னை ஐயர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போயிருக்க மாட்டேன், டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். பட்டுப்போன மரந்தான் சொட்டாது.

நீ எப்ப ஜெபம் பண்ணுதே? அதைச் சொல்லு. நுரைச்ச பிறகு. கலயம் பொங்கி வழிஞ்சு, ஈ மொய்ச்சு, வாடை தெருமுனை வரைக்கும் வந்த பிறகு சுண்ணாம்புப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுதே. கள்ளுக்குள்ள சுண்ணாம்பைப் போட்டா அது திரும்பப் பதனியாகுமால? ஆகாது. கள்ளும் கெட்டு, சுண்ணாம்பும் தண்டம். குடிகாரன்கூடத் துப்பிருவான்.

நம்ம பேதுரு என்ன பண்ணாரு? கெத்செமனே தோட்டத்துல, சோதனையில மாட்டிக்கிடாம இருக்கணும்னா முழிச்சிருந்து ஜெபம் பண்ணுங்கலேன்னு ஆண்டவரு சொல்லிட்டுப் போறாரு. இவரு குறட்டை விடுதாரு. திரும்பி வந்து எழுப்புதாரு, மறுபடியும் குறட்டை. தப்புச் சொல்ல முடியாது, விருந்து சாப்பிட்ட ராத்திரி. நாலு மணி நேரம்கூட ஆகியிருக்காது, பிரதான ஆசாரியன் வீட்டு முத்தத்துல நெருப்புக்கிட்ட குளிர் காயுதாரு. ஒரு வேலைக்காரப் பொட்டப்புள்ள வந்து, 'நீரும் அவரோட இருந்தவருதானே'ன்னு கேக்கா. பட்டாளம் வந்து கேக்கல, ஏரோது வந்து கேக்கல, ஒரு பொடிசு. அதுக்கே ஆளு காலி. தோட்டத்துல தடவ வேண்டிய சுண்ணாம்பு, முத்தத்துல எப்பிடி இருக்கும்? அதுக்குப் பிறகு சேவல் கூவுச்சு, வெளிய போய் அழுதாரு. அழுதது நல்லதுதான். நான் சொல்ல வந்தது தூங்குனதைப் பத்தி.

தாவீது ராசா கதையும் இதேதான். ராசாமாரெல்லாம் சண்டைக்குப் போற காலத்துல இவரு மட்டும் அரமனையில தங்கிட்டாரு. சாயங்காலம் படுக்கையை விட்டு எந்திரிக்காரு. சாயங்காலம்ல, கவனிச்சியா? ஒரு ராசா எந்திரிக்கிற நேரமா அது? எந்திரிச்சவரு மொட்டை மாடிக்குப் போறாரு. அதுக்கு மேல நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்ல, அந்த அதிகாரத்தை மட்டும் நீங்க பயலுக நல்லாப் படிச்சிருப்பீங்க. பத்சேபாள் குளிச்சது குத்தமில்ல மருமவனே, இவரு தூங்குன நேரம் குத்தம். உனக்கு மொட்டை மாடியும் வேண்டாம். உள்ளங்கையில மாடியை வச்சிருக்கே.

யோசேப்பு கெட்டிக்காரன். எசமான் பொஞ்சாதி துணியைப் பிடிச்ச உடனே, நின்னு ஜெபம் பண்ணல, வசனம் சொல்லல. துணியை அவ கையில விட்டுட்டு ஓடிட்டான். மானம் போனாப் போகுது, கால் இருக்குல்லா! இதை நான் சொன்னா, 'ஓடுறதா, விசுவாச வீரன் எதுத்து நிக்கணும் மாமா'ம்பே. உங்களை மாதிரி வீரனுகளைத்தான் டாஸ்மாக் வாசல்ல எதுத்து நிக்கிறதைப் பாக்கேனே. ஆண்டவர் கத்துக்குடுத்த ஜெபத்தையே கவனிச்சுப் பாரு. சோதனையோட மல்லுக்கட்ட எனக்குப் புஜபலம் தாரும்னு அதுல இருக்கா? அந்தப் பக்கமே என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிராதேயும்னுதான் கேக்கச் சொல்லியிருக்காரு. அது பயந்தாங்கொள்ளி ஜெபம். பயந்தவனுக்குத்தான் அது புரியும்.

'ஜெபிச்சேன் மாமா, மூணு நாள் உபவாசமே இருந்தேன், ஒண்ணும் ஆகல'ங்கியா? மூணு நாளு! அடேயப்பா. இடையன்குடிக் கோயிலுக்குப் போயிருக்கேல்லா? கால்டுவெல் ஐயர் அதைக் கட்டி முடிக்க 33 வருசம் ஆச்சு. 1847-ல ஆரம்பிச்சு 1880-ல பிரதிஷ்டை. கல்லும் காரையும் வச்சுக் கட்டுற கோயிலுக்கே 33 வருசம். உன் மண்டைக்குள்ள கட்ட வேண்டியதை நீ வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை சாவி கேக்கே.

பனையேறிக்கு லீவு கிடையாதுல. ஆவிக்குரிய கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, இந்தக் கணக்கு தெரியும். காலையில ஏறணும், சாயங்காலம் ஏறணும். ஏறுன தடவையெல்லாம் பாளை நுனியை இலேசா, வெத்தலைக் காம்பு கனத்துக்கு ஒரு சீவு. நல்லாப் பெருகுதேன்னு ஒருநாள் ஏறாம இரு. மறுநாள் பாளை காய்ஞ்சு வாய் அடைச்சுக்கிடும். அப்புறம் நீ மேல உக்காந்து அரை முழம் வெட்டுனாலும் ஒரு சொட்டு வராது. இளவட்டத்துல எனக்கு இது புரியல. ஒருநாள் சேத்து ஆழமா வெட்டிட்டா நாலு நாள் ஏற வேண்டாமேன்னு கணக்குப் போட்டேன். எங்க அப்பா அருவாளைப் பிடுங்கிட்டாரு. பாளை போச்சுன்னு கோபம் இல்ல அவருக்கு. 'வேலை செய்யாம இருக்கதுக்கு ஒருத்தன் இம்புட்டு மூளையைச் செலவழிக்கானே'ன்னுதான் வருத்தப்பட்டாரு.

நீங்க நடத்துற முழுராத்திரி ஜெபம் அந்த அரை முழ வெட்டு. வருசத்துக்கு ஒருக்கா. மைக் செட்டு, கீபோர்டு, நடுச்சாமத்துல சுக்குக்காப்பி. விடிஞ்சதும் வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் வரைக்கும் தூக்கம். தாவீது ராசா மாதிரியே. அதுக்கு நீ தினம் காலையில பல் விளக்குததுக்கு முன்ன ரெண்டு நிமிசம் முழங்கால் போட்டிருந்தா பாளை ஈரமா இருந்திருக்கும். தானியேலு பாபிலோன்ல அதைத்தான் செஞ்சான். நாளுக்கு மூணு வேளை, அதே சன்னல், அதே முழங்கால். ராசா தடை போட்ட அன்னைக்கும் வழக்கம்போலத்தான். சிங்கக் கெபியில போட்ட பிறகு பதறிப்போய்ப் புதுசா ஜெபம் பழக வேண்டிய அவசியம் அவனுக்கு வரல.

இதுக்குன்னு சுண்ணாம்பை அள்ளி அப்பிராத. அது வேற கூத்து. சுண்ணாம்பு கூடிப்போன பதனி குடிச்சிருக்கியா? நாக்கு வெந்துபோகும். நம்ம சபையில அப்பிடி நாலு பேரு இருக்காக, பேரு சொல்ல மாட்டேன், ஒருத்தர் எனக்குச் சம்பந்தி. லெந்து நாள் 40-உம் கறி மீன் கிட்ட வராது. கோயில் படிக்கட்டுல உக்காந்து அடுத்த வீட்டுக்காரனை மட்டும் உப்புப் போடாம பச்சையாத் தின்பாக. அதையும் ஜெபத்துலயே செய்வாக பாரு, அதான் சாமர்த்தியம். 'ஆண்டவரே, மேலத்தெரு சகோதரி குடும்பத்துல நடக்கிற காரியத்தை நீர் அறிவீர்'னு ஆரம்பிப்பாக. அவரு அறிவாரு. பக்கத்துல உக்காந்திருக்கவளுக்கு அதுவரைக்கும் தெரியாது, இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஆமென் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சங்கதி கீழத்தெருவுக்குப் போயிரும்.

உனக்கு ராத்திரிதான் சோதனைன்னு நினைச்சுக்கிட்டிருக்கே. மத்தியானத்தைக் கவனிச்சியா? எங்க பழைய ஐயர் ஒருத்தரு லெந்துல கதை கதையாச் சொல்லுவாரு. எகிப்து வனாந்தரத்துல 1600 வருசத்துக்கு முந்தி எவாகிரியுஸ்னு ஒரு சாமியாரு இருந்திருக்காரு. 399-ல செத்துப்போனாராம். மனுசனைக் கெடுக்கிற நினைப்பு எட்டுன்னு கணக்கெடுத்து வச்சவரு. பெருந்தீனி, காமம், பண ஆசை எல்லாம் அதுல வருது. அந்த எட்டுல மகா கொடியது மத்தியானத்துல வர்றதுங்காரு. முற்பகல்லருந்து பிற்பகல் வரைக்கும் அதோட டூட்டி. அது வந்து உக்காந்தா, சூரியன் நகராத மாதிரி இருக்குமாம். ஒரு பகலுக்கு 50 மணி நேரம் இருக்க மாதிரி தோணுமாம். சாமியாரு எந்திரிச்சுச் சன்னல் வழியா எட்டிப் பாப்பாரு. வெளிய வந்து, யாராவது பேச வாராகளான்னு தெருவைப் பாப்பாரு. சாப்பாட்டு நேரம் வந்துட்டான்னு சூரியனைப் பாப்பாரு. பிறகு இந்த இடமே சரியில்ல, கூட இருக்கவனுக்குப் பாசம் இல்ல, வேற ஊருக்குப் போனா இன்னும் நல்லா ஆண்டவரைச் சேவிக்கலாமேன்னு யோசனை ஓடும்.

ஆபீசுல மத்தியானம் 2 மணிக்கு நீ என்ன பண்ணுவே? ஃபோனை எடுப்பே. ஒண்ணும் வந்திருக்காது. வைப்பே. மறுபடியும் எடுப்பே. வேற கம்பெனிக்கு மாறிரலாமான்னு பாப்பே. 1600 வருசமா அந்த மத்தியானப் பிசாசுக்கு வேலை மாறல மருமவனே. சன்னலுக்குப் பதிலா இப்ப உன் கையில கண்ணாடித்துண்டு இருக்கு, அம்புட்டுத்தான் வித்தியாசம். ராத்திரி 2 மணிக்கு நீ விழுற குழியை மத்தியானம் 2 மணிக்கே தோண்ட ஆரம்பிச்சிருதே.

இதுக்கு மருந்தும் அந்த வனாந்தரத்துலயே இருந்துருக்கு. அவருக்கு முந்தி அந்தோணியார் இருந்தாருல்லா, 356-ல காலமான எகிப்து அந்தோணியாரு, அவருக்கும் ஒருநாள் இதே சடைவு. ஆண்டவரே, தப்பிச்சுக்கிட ஆசைதான், இந்த நினைப்பு விடமாட்டேங்கு, என்ன செய்யன்னு கேட்டிருக்காரு. வெளிய வந்து பாத்தா, தன்னை மாதிரியே ஒருத்தன் உக்காந்து கயிறு திரிச்சுக்கிட்டிருக்கான். கொஞ்ச நேரம் திரிச்சுட்டு எந்திரிச்சு ஜெபம் பண்ணுதான். மறுபடியும் உக்காந்து திரிக்கான். மறுபடியும் எந்திரிக்கான். அது தேவதூதனாம். வானத்துலருந்து எக்காளம் ஊதிக்கிட்டு வரல, நார் திரிச்சுக் காட்ட வந்திருக்கான்! அந்த வனாந்தரத்துச் சாமியாருகளுக்குப் பிழைப்பே ஓலை முடையதும் கயிறு திரிக்கதுந்தானாம். ஐயர் இதைச் சொன்ன அன்னைக்குக் கோயில்ல இருந்த பனையேறிகளெல்லாம் நிமிர்ந்து உக்காந்துட்டோம். குதிரைமொழித் தேரியில செம்மணல்ல கால் பொசுங்க நடந்து, நார் கிழிச்சு, பெட்டி முடையுதவங்க நாங்க. எங்களுக்கும் வானத்துக்கும் இப்பிடி ஒரு சம்பந்தம் இருக்குன்னு அதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல. அன்னைக்குச் சங்கக் காணிக்கை கொஞ்சம் கூடவே விழுந்துச்சு.

அந்த மத்தியானப் பிசாசுங்கிற பேரு எங்கருந்து வந்துச்சுன்னு நினைக்கே? 91-ஆம் சங்கீதத்துலருந்து. நட்டநடுப் பகல்ல வந்து நாசம் பண்ணுற ஒண்ணைப் பத்தி அதுல இருக்கு. ஆமா, உன் கார்க் கண்ணாடியில ஒட்டியிருக்கியே, அதே சங்கீதந்தான். உங்க அம்மை வாசல்ல மாட்டி வச்சிருக்கா, உன் தம்பி ஃபோன்ல அதை வால்பேப்பராப் போட்டிருக்கான். பிசாசு பயந்து ஓடிருவானாம். ஏல, ஆண்டவரைச் சோதிச்ச அன்னைக்குப் பிசாசே அந்தச் சங்கீதத்தைத்தான் மனப்பாடமாச் சொன்னான்! தேவாலயத்து உப்பரிகையில நிறுத்தி, தூதருக தாங்கிக்கிடுவாங்க, கீழ குதின்னு சொல்லுதான் பாரு, அந்த வசனம் 91-லருந்துதான் எடுத்தது. ஸ்டிக்கருக்கு அவன் பயப்படமாட்டான்ல. பிழை திருத்தித் தந்துட்டுப் போவான்.

அந்த உப்பரிகைக் கதையை ஒரு பனையேறிகிட்ட சொல்லிப் பாரு, சிரிப்பான். மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி. நம்ம விளையில உசந்த பனையில ஏறி நின்னா அது தெரியும். அந்த உசரத்துல நின்னு காத்து அடிக்கும்போது மரம் ஆடும் பாரு, அப்ப எவனும் தூதனைச் சோதிச்சுப் பாக்க மாட்டான். அடிமரத்துல நின்னு 'ஆண்டவரே'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் நாங்க ஏறுவோம். ஜெபம் பண்ணியாச்சேன்னு தளைநாரைக் கழத்திட்டு ஏறமாட்டோம். நீங்க படிச்ச பயலுகதான் ஜெபத்தைப் பண்ணிட்டுத் தளைநாரைக் கழத்திருதீங்க. ராத்திரி ஃபோனைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு, 'ஆண்டவரே காத்துக்கொள்ளும்'னு படுக்கே. அதை அடுத்த அறையில அம்மை பீரோவுக்குள்ள வச்சுட்டு வந்து படுல. மீதியை அவரு பாத்துக்கிடுவாரு.

குதிக்கச் சொல்லுத பிசாசு நம்ம ஊருக்கும் வருவான், ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்கு. பாத்திருக்கேல்லா, படைச்ச முருங்கைக்காயையும் கோழியையும் தேங்காயையும் ஏலம் விடுவாங்க. போன வருசம் ஒரே ஒரு கோழிமுட்டை. ரெண்டு பேரு போட்டி. ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே வேலித்தகராறு. ஏலம் கேட்டவன் ஒருத்தன்கூட முட்டையைப் பாக்கல, எதிராளி மூஞ்சியைத்தான் பாத்தான். 1,100 ரூபாய்க்குப் போச்சு. ஐயர் ரொம்ப சந்தோசமா ஜெபிச்சாரு. ஜெயிச்சவன் மறுநாள் பலசரக்குக் கடையில கடன் சொல்லுதான். அந்த முட்டையை அவன் பொஞ்சாதி அவிச்சுத் தின்னாளா, அடைவச்சாளான்னு நான் கேக்கல. கர்த்தருக்குன்னு குடுக்கதுலயே நம்மளைக் கவுத்துப்போட முடியும்னா, அந்தப் பயலுக்கு எதுக்குல டாஸ்மாக்கு?

சிரிக்காத. என் கதையைக் கேளு, பிறகு சிரி.

கருப்பட்டிக்கு நல்ல விலை வந்த ஒரு வருசம். இப்ப உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடெல்லாம் கிடைச்சிருக்கு, நான் சொல்லுதது அதுக்கு ரொம்ப முந்தி. பேரு சொல்ல வேண்டாம், ஒரு வியாபாரி வந்தான். 'எல்லாரும் செய்யாங்க அண்ணாச்சி, ஒரு தாச்சிக்கு ரெண்டு படி சீனியைப் போட்டா ஆண்டவர் கோவிச்சுக்கிடவா போறாரு'ன்னான். பாரு, அவன் முகத்துல கொம்பு இல்ல, வால் இல்ல. வெத்தலை போட்டு, 'அண்ணாச்சி'ன்னு மரியாதையாத்தான் பேசுனான். நான் ரெண்டு நாள் யோசிச்சேன். யோசிச்சதுதான் தப்பு. யோசேப்பு யோசிக்கல. மூணாம் நாள் உங்க அத்தை சந்தைக்குப் போன நேரம் பாத்துப் போட்டுட்டேன். கொதி வந்து, பாகு வந்து, சிரட்டையில ஊத்தி ஆறுனா, பாக்கதுக்கு அழகா இருந்துச்சு. நிறம் கொஞ்சம் வெளுப்பு. நமக்கு மட்டும் தெரியற வெளுப்பு.

அன்னைக்கு ராத்திரி குடும்ப ஜெபம். நாந்தான் பண்ணேன். ஆப்பிரிக்காவுல இருக்க மிஷனெரிகளுக்காக ஜெபிச்சேன். சனாதிபதிக்காக ஜெபிச்சேன். விதவைகளுக்கு, திக்கத்தவங்களுக்கு, கடல்ல போறவங்களுக்கு, ஆஸ்பத்திரியில கிடக்கவங்களுக்கு. வாய் நிக்க மாட்டேங்கு. எங்க நிறுத்துனா அந்தச் சீனி முன்ன வந்து நிக்குமோன்னு ஒரு பயம். பிள்ளைக தூங்கிட்டு. கடைசியில ஒரு வழியா ஆமென் சொன்னேன். உங்க அத்தை ஆமென் சொல்லல. கண்ணைத் தொறந்து எம் மூஞ்சியைப் பாத்தா.

'சீனி எங்க வாங்குனீங்க?'ன்னா.

அவ கருப்பட்டியை ருசி பாக்கவே இல்ல மருமவனே. ஜெபத்தோட நீளத்தை வச்சே கண்டுபிடிச்சுட்டா. அந்த ஒரு தாச்சிக் கருப்பட்டியையும் விக்க விடல. வீட்டுலயே வச்சு மூணு மாசம் எனக்கே காப்பி போட்டுக் குடுத்தா. தினமும் டம்ளரை வைக்கும்போது, 'இனிப்பு போதுமா'ன்னு ஒரு கேள்வி. நரகத்தைப் பத்தி எவனாவது பிரசங்கம் பண்ணா எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வரும்.

அன்னைக்குலருந்து எனக்கு நீள ஜெபத்தைக் கேட்டாலே ஒரு சந்தேகம். லூக்காவுல வர்ற அந்த ஆயக்காரன் எம்புட்டு நேரம் ஜெபிச்சான்? மாரில அடிச்சுக்கிட்டு ஒரே வரி. பக்கத்துல நின்ன பரிசேயன்தான் வாரத்துக்கு ரெண்டு உபவாசம், தசமபாகம்னு ஆண்டவருக்கு வரவு செலவு வாசிச்சான். பேதுரு கடல்ல அமுங்கும்போது, 'வானத்தையும் பூமியையும் அண்டசராசரத்தையும் உண்டாக்கின எங்கள் பரம பிதாவே'ன்னு நம்ம கமிட்டி மெம்பர் மாதிரி ஆரம்பிச்சிருந்தா, பரம பிதாங்கிற இடத்துல தண்ணி மூக்குக்குள்ள போயிருக்கும். ஆண்டவரே, காப்பாத்தும்னு கத்துனாரு. கை வந்துட்டு.

அங்க பாரு, தாச்சி பொங்குது. எட்டிப் பாரு, பயப்படாத. பதனி கொதிக்கும்போது இப்பிடித்தான், நுரை விளிம்பு வரைக்கும் வந்துரும். உங்க அத்தை என்ன செய்யா கவனி. குடம் குடமாத் தண்ணி ஊத்தல, அடுப்பை அணைக்கல. ஆமணக்கு முத்து ஒண்ணை நசுக்கி உள்ள போடுதா. ஆச்சு, பாத்தியா, அடங்கிட்டு. ஆனா அந்த முத்து கைக்கெட்டுத தூரத்துல எப்பவும் இருக்கணும். பொங்குத நேரத்துல உடங்காட்டுக்குள்ள போய் ஆமணக்குச் செடியைத் தேட முடியாது. எனக்குத் தெரிஞ்ச ஜெபம் அம்புட்டுத்தான். காலையில தடவுற சுண்ணாம்பு ஒண்ணு, பொங்கும்போது போடுற முத்து ஒண்ணு. பெரிய ஜெபமெல்லாம் பெரியவங்க பாத்துக்கிடட்டும்.

சரி, ரொம்பப் பேசிட்டேன். பேசுனா எனக்கு வாய் வறண்டுபோகும். இந்தா, பட்டையைப் பிடி. ரெண்டு கையாலயும் பிடில, ஓலைப்பட்டை, சிந்திரும். காலையில இறக்குன பதனி, சுண்ணாம்பு சரியா இருக்கு, நான் பாத்துட்டேன். குடிக்கதுக்கு முன்ன ஒரு வார்த்தை ஜெபம் பண்ணு. நான் கண்ணை மூடிக்கிடுதேன். உம், ஆரம்பி.

...

...

ஆமென்.

ஏல மருமவனே. நம்ம ஐயருக்காக ஜெபிச்சே, சரி. பிரதம மந்திரிக்காக ஜெபிச்சே, அதுவும் சரி. இஸ்ரவேல் தேசத்துச் சமாதானம், வடநாட்டு ஊழியங்க, மழை, உன் ஆபீஸ் மேனேசரோட மூட்டுவலி. பட்டையில ரெண்டு ஈ விழுந்து, ஒண்ணு நீந்திக் கரையேறிட்டு. உங்க அத்தை அடுப்படியில வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா, கேக்கா?

ஃபோனைக் கீழ வை. இப்பச் சொல்லு. என்னல பண்ணுன?